டேனிஷ் மிஷன் பையனும் இறையியல் பட்டமும்

“பாதிரியார் ஆவறதுக்கும் எம்.ஏ. இருக்குதா சார்?”

கேட்டவர் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை வைத்திருக்கும் அண்ணன். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருந்ததால் கடையில் கூட்டமில்லை. கேள்விக்குக் காரணம், என் எதிரே பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்த பையன். திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்தவன், இப்போது பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறான். ஆற்காடு லுத்தரன் திருச்சபைக் குடும்பம். அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். அம்மா, சபையில் ஐயர், அதாவது போதகர், ஆகட்டும் என்கிறார். இவனோ இறையியலில் முதுகலை படிக்க வேண்டும் என்கிறான். “அப்போ ஐயர் ஆவியா?” என்றால், “தெரியல சார்” என்கிறான்.

அந்தத் “தெரியல” எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரியாது என்று சொல்வதும் இல்லை.

அண்ணனுக்கு முதலில் பதில் சொன்னேன். பாதிரியார் ஆவது வேறு, இறையியலில் பட்டம் வாங்குவது வேறு. குருப்பட்டத்தைத் திருச்சபை கொடுக்கிறது, பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்து. கல்விப் பட்டத்தைக் கல்லூரி கொடுக்கிறது, தேர்வு வைத்து. முதலாவதுக்கு இரண்டாவது பெரும்பாலும் தேவைப்படும். இரண்டாவதுக்கு முதலாவது தேவையே இல்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். அங்கே படித்து முடித்தவர்கள் எல்லாரும் மடத்துத் துறவியாக, தம்பிரானாக, ஆகிவிடுவதில்லை என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

பையனுக்குத்தான் அதிர்ச்சி காத்திருந்தது. பி.ஏ. முடித்த கையோடு நேராக எம்.டி.எச்., அதாவது இறையியல் முதுகலை, சேர முடியாது. இந்தியாவில் புராட்டஸ்டன்ட் சபைகளின் பெரிய கல்லூரிகள் செராம்பூர் செனட் என்கிற அமைப்பின் கீழ் இருக்கின்றன. அந்த ஏணியில் முதல் படி பி.டி., அதாவது இறையியல் இளங்கலை. வேறு பாடத்தில் பட்டம் வாங்கி வருகிறவருக்கு அது நான்கு ஆண்டு. அதை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால்தான் இரண்டு ஆண்டு எம்.டி.எச். அதற்கும் மேலே போனால் முனைவர் பட்டம்.

“ஆறு வருஷமா சார்?”

“ஆமாம் தம்பி. இதில் நான்கு வருஷம் விடுதியில், காலை ஜெபத்துக்கு மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும்.”

“டாக்டருக்கே இதைவிடக் கம்மி” என்றார் அண்ணன், பாலை ஆற்றியபடி.

ஆறு ஆண்டு வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுகள் துறை என்றே ஒன்று இருக்கிறது. ஃபீலிக்ஸ் வில்ஃப்ரெட் போன்ற உலகறிந்த இறையியலாளர் தலைமை தாங்கிய துறை. அங்கே எம்.ஏ. இரண்டு ஆண்டு. ஏதாவது ஒரு பட்டம் போதும், ஞானஸ்நானச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. அண்ணனே சேரலாம். கத்தோலிக்கப் பக்கம் கதை வேறு. பெங்களூரு தர்மாராம், புனே ஞான தீபம் மாதிரியான இடங்களில் முதுகலைக்கு லைசென்ஷியேட் என்று பெயர். அதில் குருமாணவர்களோடு அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் படிக்கிறார்கள்.

பட்டத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதை விளக்க உட்கார்ந்தபோது, பையனின் பள்ளிப் பெயர்ப்பலகைக்கே போக வேண்டியதாயிற்று. டேனிஷ் மிஷன். இங்கே படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரை யோசித்துப் பார்த்திருப்பார்களோ. டென்மார்க்காரர்களுக்கு இந்தியாவில் இரண்டு முக்கியமான இடங்கள் இருந்தன. ஒன்று நம் தரங்கம்பாடி. மற்றது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் செராம்பூர். ஆங்கிலேயக் கம்பெனி மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் விட மறுத்த காலத்தில், வில்லியம் கேரியும் அவருடைய கூட்டாளிகளும் டேனிஷ் கொடியின் கீழ் செராம்பூரில் தஞ்சம் புகுந்தார்கள். 1818இல் அங்கே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். 1827இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரெடரிக் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தோடு சாசனம் கொடுத்தார். 1845இல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் டென்மார்க் ஆங்கிலேயரிடம் விற்றபோதும் சாசனம் செத்துப்போகவில்லை, தூங்கியது. 1915இல்தான் முதல் இறையியல் பட்டங்கள் கொடுக்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டமன்றம் செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றி அதை உறுதிப்படுத்தியது. ஆக, மதுரையிலோ சென்னையிலோ படித்துவிட்டு எம்.டி.எச். வாங்குகிற தமிழ்ப் பிள்ளையின் பட்டத்துக்கு வேர் ஒரு டேனிஷ் அரசரின் கையெழுத்தில் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. 1910இல் பெங்களூரில் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆரம்பகால முதல்வர் எல்.பி. லார்சன், டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவர். பிறகு தமிழ் பைபிளைத் திருத்தும் பணியை ஏற்றுக்கொண்டார். பழைய ஆட்கள் இன்னும் “லார்சன் பதிப்பு” என்பார்கள்.

இப்படிப்பட்ட மரபு எல்லாருக்கும் இல்லை. சுவிசேஷ சபைகளின் பல செமினரிகள் ஆசிய இறையியல் கழகத்தின் தர அங்கீகாரத்தோடு எம்.டிவ்., எம்.டி.எச். நடத்துகின்றன. அவற்றில் சில கல்வியில் உயர்ந்தவை, ஆனால் அது கல்லூரிகள் தமக்குள் வைத்துக்கொண்ட அங்கீகாரம். அதற்கும் கீழே, சுவரொட்டிப் போதகர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் “டாக்டர்” பட்டங்களை விற்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி டீக்கடையில் பேசுவதுகூட நேர விரயம்.

“சரி, உள்ளே இன்னாதான் சொல்லிக் குடுப்பாங்க? பைபிளை மறுபடி மறுபடி படிக்கிறதுதானா?” அண்ணனின் இந்தக் கேள்விக்கு இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது.

எம்.டி.எச். என்பது ஒரே பாடம் அல்ல. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், அருட்பணி, ஆற்றுப்படுத்தல் என்று கிளைகள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முதல் ஆண்டு வகுப்பும் கருத்தரங்கக் கட்டுரைகளும், இரண்டாம் ஆண்டு ஆய்வேடு. கைடு ஒருவர் இருப்பார். கடைசியில் வைவா. பழைய ஏற்பாட்டுக்குப் போகிறவன் எபிரேயம் படித்தே ஆக வேண்டும், புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம். பல பேர் இந்த இடத்தில்தான் கிளை தாவுகிறார்கள்.

மொழி எதற்கு என்று ஒரு உதாரணத்தால் காட்டினேன். மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம், பதினாறாவது. நம் தமிழ் பைபிளில் இருபது வசனம். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்குத் தோன்றுகிறார், உலகமெங்கும் போகச் சொல்கிறார், பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார். ஆனால் நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகளான சினாய் பிரதியிலும் வாட்டிகன் பிரதியிலும், இரண்டுமே நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, மாற்கு எட்டாவது வசனத்தோடு நின்றுவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். மிச்சம் பன்னிரண்டு வசனம் எங்கிருந்து வந்தது? மாற்கு எழுதியதன் கடைசி ஏடு தொலைந்ததா? அவரே அப்படி முடித்தாரா? பின்னால் வந்தவர்கள், கதை அந்தரத்தில் நிற்கிறதே என்று சேர்த்தார்களா?

பையன் பன்னைக் கீழே வைத்துவிட்டான். ஞாயிறு பள்ளியில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அண்ணனுக்கு இதை விளக்குவது சுலபமாக இருந்தது, உ.வே.சாமிநாதையர் இருந்தார். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிடுவதற்கு முன் அவர் செய்ததும் இந்த வேலையைத்தான். ஊர் ஊராக ஏடு தேடினார், ஒரு ஏட்டில் இருப்பது இன்னொன்றில் இல்லாததைக் குறித்தார், எது மூலம், எது இடைச்செருகல் என்று எடை போட்டார். அதைவிட முக்கியம், அவர் சைவர், நூல் சமண நூல். கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் அவர்கள் சமயத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உரையைத் தொட்டார். தன் சமயத்தை விடாமல், அடுத்தவர் சமயத்தை அவமதிக்காமல், பாடத்துக்கு மட்டும் விசுவாசமாக இருக்கிற அந்தக் கண்ணைத்தான் இறையியல் முதுகலை தர முயல்கிறது. தருகிறதா என்பது கைடைப் பொறுத்தது.

“இதெல்லாம் படிச்சா நம்பிக்கை போயிடாதா சார்?”

பையன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். சிலருக்குப் போகிறது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சபைகளில் நான் அதிகம் பார்ப்பது வேறொரு நோய். ஐயர் வகுப்பில் மாற்குவின் முடிவைப் பற்றிப் படித்திருப்பார், தேர்விலும் எழுதியிருப்பார். பிரசங்க பீடத்தில் ஏறியதும் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார். சபையாருக்கு இடறலாகிவிடும் என்பார். ஆறு ஆண்டு படித்தது ஒரு பெட்டியிலும் ஞாயிறு பேசுவது இன்னொரு பெட்டியிலும் இருக்கும். நம்பிக்கை இழந்தவரைக்கூட எனக்குப் புரிகிறது, இந்த இரட்டைக் கணக்குதான் புரிவதில்லை. சபையார் அவ்வளவு குழந்தைகள் அல்ல.

பிறகு பேச்சு, இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறவன் எந்தக் கிளையை எடுக்கலாம் என்பதற்கு வந்தது. எனக்கு இதில் பாரபட்சம் உண்டு. சமயங்கள் துறையை எடு என்றேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த ஊரில்தான் மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பாடிய இடம் என்று சொல்வார்கள். அந்த மாணிக்கவாசகரின் திருவாசகத்தை முழுதாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல், தன் எண்பதாவது வயதில் வெளியிட்டவர் ஜி.யு. போப், குருப்பட்டம் பெற்ற கிறிஸ்தவர். அண்ணனுக்குப் போப்பைத் தெரியும், திருக்குறள் போப் என்ற அளவில்.

போப்புக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்னால் சீகன்பால்கு. 1706இல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன்காரர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார், அச்சடித்தார், 1716இல் இந்தியர்களைப் போதகர்களாகப் பயிற்றுவிக்க ஒரு செமினரி தொடங்கினார். இதெல்லாம் சபை வரலாற்றுப் புத்தகத்தில் வரும். அதிகம் பேசப்படாதது, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல். சிவன், திருமாலிலிருந்து ஊர் எல்லை ஐயனார், மாரியம்மன் வரைக்கும் யார் யார், யாருக்கு என்ன பூசை என்று தமிழ் நூல்களைப் படித்தும் ஆட்களைக் கேட்டும் எழுதியது. 1713இல் முடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவருடைய ஆதரவாளர் பிராங்கேவுக்கு அது பிடிக்கவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்பவா என்கிற நினைப்பு. 36 வயதில் சீகன்பால்கு இறந்தே போனார். நூல் அச்சானது 1867இல், சென்னையில். ஒன்றரை நூற்றாண்டு பெட்டியில் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதிதான் இந்தியாவில் சமயங்கள் துறைக்கு முதல் பாடப் புத்தகம் என்று சொல்வேன். முதல் வைவாவில் தோற்ற மாணவனும் அவர்தான்.

அவருக்குப் பின் இந்த வழியில் வந்தவர்களில், பாளையங்கோட்டையில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் ஆய்வு செய்த ஏ.ஜே. அப்பாசாமி யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மார்க்கமாகப் படித்தார். எம். தாமஸ் தங்கராஜ், சைவ சித்தாந்தம் சொல்லும் குருவை வைத்துக் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ள முடியுமா என்று ஒரு நூலே எழுதினார், 1994இல். அண்ணன் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். “குரு உருவாய் வர்றது நம்ம சித்தாந்தம் சார்” என்றார். ஆமாம், அதைக் கற்றுக்கொண்டுதான் எழுதியிருக்கிறார், சரியாகக் கற்றாரா என்று உங்களை மாதிரி ஒருவர் படித்துச் சொன்னால் நல்லது என்றேன்.

மலையைக் காட்டிச் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருந்தார். ஹென்றி லெ சோ, பிரெஞ்சு நாட்டு பெனடிக்டின் துறவி. 1948இல் இந்தியா வந்தார். 1949 ஜனவரியில் ரமணரைத் தரிசித்தார். 1950இல் ஜூல்ஸ் மோன்ஷனினோடு குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். ரமணர் மறைந்த பிறகும் ஐம்பதுகளின் முதல் பாதியில் திரும்பத் திரும்ப வந்து இந்த மலையின் குகைகளில் மௌனமாக இருந்தார். கிறிஸ்தவத் துறவி, தினமும் திருப்பலி நிறைவேற்றுகிறவர், அத்வைத அனுபவம் உண்மை என்று உள்ளே உணர்கிறார். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்க முடியும்? 1973இல் சாகும்வரை இந்தக் கேள்வி அவரை விடவில்லை. விடையை நேர்த்தியாக எழுதி முடித்தார் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி இன்றும் ஆய்வேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ அவரை ஆராய வருகிறவன் விமானம் ஏறி வர வேண்டும், உனக்குப் பேருந்துச் செலவுகூட இல்லை என்றேன் பையனிடம்.

அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. “சார், எங்க தெருவுல யாரும் அத்வைதம் பேசினதில்ல” என்றான்.

நியாயமான பதில். அதுவே இன்னொரு கிளையின் தொடக்கமும்கூட. இந்தியக் கிறிஸ்தவ இறையியல் பல காலம் வேதாந்தத்தோடு பேசுவதைத்தான் பெரிய வேலையாக நினைத்தது. கிறிஸ்தவர்களில் பெரும் பகுதி தலித்துகள். அவர்கள் தெருவோடு அது பேசவே இல்லை. அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையோடுதான் தலித் இறையியல் என்கிற பேச்சு கல்விக்கூடத்துக்குள் வெளிப்படையாக நுழைந்தது. பிறகு அவர் சென்னைக் கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென்றே ஏற்பட்ட துறைக்குத் தலைமை தாங்கினார். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை என்று எல்லாரும் அழைத்த தியாஃபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டிலும் பறையிலும் வழிபாட்டையே மாற்றி எழுதினார். பையனின் சொந்தத் திருச்சபைக் கதையிலும் இது இருக்கிறது. டேனிஷ் மிஷனுக்கு இங்கே அடித்தளம் போட்ட கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியை அனுமதிக்கும் விஷயத்தில் லீப்சிக் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் வெளியே வந்தவர். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. சண்டை இன்னும் முடியவில்லை என்பது கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தால் தெரியும்.

எந்தக் கல்லூரி என்பதை இப்படிப் பார்க்கலாம். நூலகமும் ஆவணக் காப்பகமும் வேண்டும், ஆங்கிலத்தில் எழுத முடியும் என்றால் பெங்களூரு. தமிழில் சிந்திக்க வேண்டும், தெருவோடு உறவு அறுந்துவிடக் கூடாது என்றால் மதுரை. லுத்தரன் சபை அனுப்புகிறது என்றால் குருகுல் கிட்டத்தட்டத் தாய்வீடு.

அப்பாவின் கேள்வியையும் பையன் கொண்டு வந்திருந்தான், வேலை. சபை செலவழித்து அனுப்பினால், முடித்ததும் சபைக்குத் திரும்பி ஊழியம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. ஐயர் ஆக விருப்பமில்லை என்றால் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எம்.டி.எச். முடித்தவர் செமினரியில் ஆசிரியராகலாம். பைபிள் மொழிபெயர்ப்புப் பணிக்குப் போகலாம். சென்னை போகிற வழியில் திண்டிவனத்தில் இருக்கும் கத்தோலிக்க மையம்தான் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து செய்த வேலை. ஆற்றுப்படுத்தல் படித்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி. மாதிரி மருத்துவமனைகளில் நோயாளிகளின் படுக்கையருகே இடம் உண்டு. சம்பளம் வங்கி வேலைக்குப் பக்கத்தில் வராது. அப்பாவிடம் இதை மழுப்ப வேண்டாம் என்றேன். அரசுத் தேர்வுக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ இந்தப் பட்டத்தைக் காட்டப் போகிறாய் என்றால், ஏற்பார்களா என்று சேருவதற்கு முன் அந்த அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

“பொண்ணுங்களும் படிக்கலாமா?” என்றார் அண்ணன், அவருக்கு ஒரு மகள். படிக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபை 1976இலிருந்தே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது. 2013இல் ஒரு பெண்ணைப் பேராயராகவும் ஆக்கியது.

பையனுக்கு நான் சொன்ன முடிவு இது. உன் கேள்வி சமயங்களைப் பற்றியது, பீடம் ஏறுவதில் உறுதி இல்லை என்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. போதும், இரண்டே ஆண்டில் உனக்கே தெரிந்துவிடும். மாற்குவின் முடிவு உன்னைத் தூங்க விடவில்லை என்றால் ஆறு ஆண்டு ஏணிதான், குறுக்கு வழி கிடையாது. இரண்டாவது வழி என்றால் சபையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கமிட்டி கூடிக் கையெழுத்துப் போட மாதங்கள் ஆகும், வகுப்பு ஜூனில் தொடங்கிவிடும். ஆகவே இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயரைப் பார்த்துப் பேசு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.